எட்டு மணி நேரம்தான் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் வேலை விடுவதில்லையே, ஏன்?

கேள்வி கேட்டவருக்கு வேலை நேரம் அளவாகத்தான் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் விடுமுறையும் உண்டு. ஆனாலும் வீட்டில் இருக்கும்போது மனசு அலுவலகத்தில், அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டில். வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை என்பதே வெறும் பேச்சா என்று கேட்கிறார்.

வெறும் பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சொல் நம்மைத் தப்பான இடத்தில் தேட வைக்கிறது. சமநிலை என்றதும் தராசு நினைவுக்கு வந்து, இந்தத் தட்டில் எத்தனை மணி, அந்தத் தட்டில் எத்தனை மணி என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். இது தொழிற்சாலைக் காலத்துக் கணக்கு. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று பிரிட்டனின் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் பேசியது 1817 வாக்கில். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு இன்றைக்கும் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தவருக்குப் பின்னால் இயந்திரம் வராது. பாதியில் விட்ட அறிக்கை வரும். உங்களைத் துரத்துவது வேலை நேரம் இல்லை, மூடாமல் விட்ட வேலை.

இதை உறுதி செய்ய ஏழு நாள் ஒரு பதிவு வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56, வேலை 45, பயணம் 7, வீட்டு வேலையும் பிள்ளைகள், பெரியவர்கள் பராமரிப்பும் 21, குளியல், சாப்பாடு 10 என்று வைத்தாலும் 29 மணி மிஞ்சுகிறது. எங்கே போகிறது என்று பார்க்கத்தான் பதிவு. வேலை நேரத்துக்கு வெளியே வேலை தலைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கோடு போடுங்கள், பக்கத்தில் எதனால் என்று ஒரே ஒரு சொல்: போன், நினைப்பு, பயம், அழைப்பு. மணிக்கணக்கை எழுதாதீர்கள், மூன்றாம் நாளே அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். வார முடிவில் எந்தச் சொல் அதிகமோ அங்கிருந்து தொடங்குங்கள்.

'நினைப்பு' அதிகம் என்றால் வேலையை மூடும் முறையில்தான் கோளாறு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-ல் ஆய்வாளர் சோஃபி லெராய் காட்டினார். 2011-ல் உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் செய்த ஆய்வு இன்னும் உபயோகமானது. முடியாத வேலை குறுக்கே வந்து தொந்தரவு செய்வதை நிறுத்த, அதை முடித்தே தீர வேண்டும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்ற திட்டம் தெளிவாக இருந்தால் போதும்.

ஆகவே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே வேலையை நிறுத்திவிடுங்கள். மின்னஞ்சலைக் கடைசியாக ஒரு முறை பார்த்து மூடுங்கள். பாதியில் நிற்பதை எல்லாம் காகிதத்தில் எழுதுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "விலைப்பட்டியல்" என்று மட்டும் எழுதினால் அது குறிப்பில்லை, கவலைக்கு வைத்த பெயர். இப்படி எழுதுங்கள்: "நாளை 9:30. விலைப்பட்டியல் கோப்பு, மூன்றாம் பக்கம். வரி விகிதம் பழையது. மாற்றி, கணக்குப் பிரிவுக்கு அனுப்பு." நேரம், இடம், முதல் அசைவு மூன்றும் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு அந்த நினைப்பு வந்தாலும் யோசிக்க அதில் எதுவும் மிச்சமில்லை. மூன்று நான்கு வேலைகளுக்கு எழுதினால் போதும், மற்றவற்றுக்கு என்றைக்கு எடுப்பீர்கள் என்று தேதி மட்டும். எழுதி முடித்த பிறகு மின்னஞ்சலை மறுபடி திறக்கக் கூடாது. கடைசி நிமிடத்தில் படிக்கும் ஒரு கடிதம் அத்தனையையும் திறந்து போட்டுவிடும்.

'போன்' அதிகம் என்றால் ஒலியை நிறுத்துவது மட்டும் போதாது. செயலியின் மேல் நிற்கும் அந்தச் சிவப்பு எண்ணையும் எடுக்க வேண்டும், கண்ணை இழுப்பது அதுதான். வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்தாலும் பட்டியலில் மேலே வந்து நிற்கும். ஆர்க்கைவில் போட்டு, அங்கேயே இருக்கும்படி அமைப்பில் வைத்தால்தான் பார்வையிலிருந்து போகும். அலுவலகக் கணக்கு ஆண்ட்ராய்டில் வொர்க் புரொஃபைலாக (அலுவலகச் செயலிகளுக்கான தனிப் பகுதி) இருந்தால் அதை ஒரே தட்டில் நிறுத்தி வைக்கலாம், ஐபோனில் அறிவிப்புகளை அடக்கி வைக்கும் ஃபோகஸ் வசதிக்கு நேரம் குறித்து வைக்கலாம். அவசரத்துக்கு என்ன செய்வது என்ற பயம் நியாயமானதே. அதற்கு ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, சக ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "ஏழு மணிக்கு மேல் செய்தி பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் கூப்பிடுங்கள்." கூப்பிடத் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே பெரும்பாலான 'அவசரங்களை' வடிகட்டிவிடும். நீங்களும் ராத்திரி எழுதும் கடிதத்தைக் காலைக்கு நேரம் குறித்து அனுப்புங்கள். ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பும் செய்தி பத்துப் பேருடைய பதிவில் கோடாக விழும்.

வேலை மூடிய பிறகும் களைப்பு போகவில்லை என்றால் ஓய்வின் தன்மையைப் பாருங்கள். உளவியல் ஆய்வாளர்கள் சபீனா சோனன்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் 2007-ல் ஓய்வு அனுபவத்தை நான்காகப் பிரித்தார்கள்: மனம் வேலையிலிருந்து விலகுவது, தளர்வது, ஏதாவது ஒன்றில் தேர்ச்சி பெறுவது, என் நேரம் என் கையில் என்ற உணர்வு. சோபாவில் படுத்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பதில் கொஞ்சம் தளர்வு கிடைக்கலாம், மற்ற மூன்றும் அநேகமாகக் கிடைக்காது. வாரத்தில் இரண்டு தடவை 40 நிமிடம் கைக்கும் மூளைக்கும் வேலை வைக்கும் ஒன்றை வையுங்கள்: நீச்சல், வாத்தியம், தோட்டம், புதிய மொழி. நாள், நேரம், பொருள் எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும். களைத்து வந்து நிற்கும்போது முடிவெடுக்கச் சொன்னால் சோபாதான் ஜெயிக்கும்.

எல்லோருக்கும் கதவைச் சாத்துவது ஒத்துவராது என்பதும் உண்மை. சிலருக்கு இரண்டையும் கலந்து செய்வதே இயல்பு. மதியம் பிள்ளையோடு இருந்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் வேலை பார்த்தால்தான் நிம்மதி. கலப்பது நீங்களாகத் தேர்ந்ததா, வேறொருவர் திணித்ததா என்பதுதான் கேள்வி.

'அழைப்பு' வீட்டிலிருந்து வேலை நேரத்துக்குள் வருவதும் உண்டு, பெண்களுக்கு மிக அதிகமாக. வீட்டு வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம் என்பார்கள், ஆனால் நினைவில் வைத்திருக்கும் வேலை ஒருவர் தலையிலேயே இருக்கும். குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் தேதியைக் கவனிப்பது, நேரம் வாங்குவது, கூட்டிப் போவது, அட்டையில் பதிந்ததா என்று பார்ப்பது, ராத்திரி காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு வேலை. அதை முழுசாக ஒருவரிடம் கொடுங்கள். "சொன்னால் செய்கிறேன்" என்பது பங்கீடு இல்லை. சொல்வதே ஒரு வேலை.

இவை எதுவும் உதவாத நிலையும் உண்டு. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் பழக்கத்தை மாற்றிச் சமாளிக்க முடியாது. 35–40 மணி வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டுச் சொன்னன. அப்போது மேலாளரிடம் "முடியவில்லை" என்று போய் நிற்காதீர்கள், நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பி வைப்பார்கள். இரண்டு வாரத்து வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆன மணியைப் பக்கத்தில் போட்டு, கூட்டலைக் கீழே எழுதி எடுத்துப் போங்கள். "இது 58 மணி வருகிறது. 45-க்குள் கொண்டுவர இதில் எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிப்போடலாம்?" என்று கேளுங்கள். "எல்லாமே முக்கியம்" என்று பதில் வந்தால், நீங்களே ஒரு வரிசை போட்டு, "நாளையிலிருந்து இந்த வரிசையில் செய்கிறேன், கடைசி இரண்டும் இந்த மாதம் நடக்காது" என்று அன்றே நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.