ஹெரால்டுக்கு எம்.எம். போல்ட் போடலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பாதி போல்ட் துருவேறி, கழற்றும்போதே தலை முறிந்துவிட்டது. ஹார்ட்வேர் கடையில் வாங்கிய 8 மி.மீ. போல்ட் இரண்டு சுற்று போய் இறுகிக்கொள்கிறது. மெக்கானிக், "டேப் போட்டு எம்.எம்.முக்கு மாத்திடலாம் சார்" என்கிறார், அதாவது துளையில் புதிதாக மில்லிமீட்டர் மரை வெட்டிவிடலாமாம். மாற்றலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் சார். இரண்டு சுற்றோடு நின்றதே நல்லது, ஸ்பானரில் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் உள்மரை உரிந்திருக்கும்.

1961 முதல் மெட்ராஸில் தயாரானாலும் அது இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான், அதனால் மரையெல்லாம் யு.என்.எஃப். என்கிற நெருக்கமான அங்குல மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. கனம், பார்த்தால் 8 மாதிரியே இருக்கும், ஆனால் அதில் அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் சுமார் 20தான். மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி கொண்ட 8 மி.மீ. போல்ட் இன்னும் மோசம், அங்குலத்துக்கு 25 மரைக்குக் கொஞ்சம் மேலே வருவதால் நன்றாக உள்ளே போய்விட்டு அப்புறம்தான் கடிக்கும். அதுவும் ஹெரால்டின் பாடியே பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டால் சேர்த்தது, இன்று ஒரு துளையை மாற்றினால் நாளை பாதி அங்குலம், பாதி மில்லிமீட்டர் என்று ஒரு கலவை வண்டிதான் மிஞ்சும்.

கடையில் வெறுமனே "மூணு நூல் போல்ட்" (ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம்) என்று கேட்காதீர்கள். 3/8 அங்குலத்தில் பெரும்பாலும் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரையைத்தான் எடுத்துத் தருவார்கள், அதில் 16 மரை, உங்களுக்கு வேண்டியது 24. நல்ல நிலையில் உள்ள பழைய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், புது போல்ட்டில் அது விரலாலேயே கடைசி வரை சுற்ற வேண்டும். எஞ்சின் ஸ்டட்டில் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) மட்டும் கவனம்: வார்ப்புக்குள் இறங்கும் முனை அகல மரையாகவும், நட்டு ஏறும் முனை நெருக்கமாகவும் இருக்கும், இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

பழசு வேண்டுமானால் சென்னை புதுப்பேட்டை, புதுசுக்கு லிங்கி செட்டி தெரு. ஈரோட்டிலேயே என்றால் முதலில் டிராக்டர் ஸ்பேர் கடையில் ஏறிப் பாருங்கள், பழைய மாஸி பெர்குசனுக்கும் இதே மரைக் குடும்பம்தான், கார்க் கடைக்காரர் கையை விரிக்கிற சைஸ் அங்கே டப்பாவில் கிடக்கும்.

அப்புறம், போல்ட் தலையைப் பாருங்கள். மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, மில்லிமீட்டர் போல்ட்டின் பலக்குறியில் சொன்னால் ஏறக்குறைய 8.8. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எதிலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது, பழைய போல்ட்டில் அதைவிட உயர்ந்த குறி இருந்தால் அதே பலத்தில்தான் வாங்க வேண்டும். குறியே இல்லாதது மட்கார்டு, பிளாஸ்டிக் சமாச்சாரங்களுக்குப் போதும். சஸ்பென்ஷன் புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டுக்கு மரை இல்லாத வழவழப்பான தண்டுதான் பாரத்தைத் தாங்குகிறது, தலைவரை மரை ஓடும் போல்ட் அங்கே ஆகாது. லேத் பட்டறையில் சாதாரண ராடைக் கடைந்து கொடுப்பதும் பார்க்க அச்சு அசலாகத்தான் இருக்கும், ஆனால் இந்த இடங்களில் அதை நம்பாதீர்கள்.

கேள்வி: துருவே பிடிக்காதபடி எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுவிட்டால் என்ன? இல்லை, பழைய போல்ட்டுகளையே பிளேட்டிங் செய்யலாமா?
- வாசகர், மதுரை

பதில்: பம்பர், நம்பர் பிளேட்டில் ஸ்டெயின்லெஸ் போடுங்கள், பளபளவென்று இருக்கும். கடையில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 8.8ஐவிடப் பலம் குறைவு, ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கழற்ற வராமல் போவதும் உண்டு. மரையில் ஆன்டி-சீஸ் என்கிற, கவ்வாமல் தடுக்கும் பசையைத் தடவிக்கொள்ளுங்கள்.

பழசுக்கு ஜிங்க் பிளேட்டிங் தாராளமாகச் செய்யலாம், ஒரிஜினல் தோற்றமும் தங்கும். ஆனால் ஆசிட்டில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும், 10.9, 12.9 போன்ற கடினமான போல்ட்டுகள் முன்னறிவிப்பின்றி முறிவது அதனால்தான். அவற்றையும் கனெக்டிங் ராடு போல்ட்டையும் பிளேட்டிங்குக்குப் போகும் பையில் போட்டு அனுப்பாதீர்கள்.