முதல் ஆர்ட் (ARD) மீட்டிங்குக்குப் போகும் முன்

கோவையிலிருந்து அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம், பள்ளியில் ஐஇபி என்று ஏதோ சொல்கிறார்கள், கோவையில் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டினால் விசாவுக்குச் சிக்கல் வருமா, வீட்டில் தமிழை நிறுத்தணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று வேறு கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. பதினோரு வருடமாக, பிள்ளையின் கல்வித் திட்டத்தை எழுதும் இந்தப் பள்ளி மீட்டிங்குகளுக்குப் போய் வருகிறேன்.

முதலில் விசா பயம். ஆஸ்திரேலியாவில் பிள்ளையின் குறைபாட்டைக் காட்டி நிரந்தர வசிப்புரிமை மறுத்த கதைகளைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் இங்கேயும் பயப்படுகிறார்கள். இங்கே பள்ளி உங்கள் விசாவைக் கேட்பதே இல்லை. எந்த ஆவணமும் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே இதே டெக்சாஸில், டைலர் ஊரில் கிளம்பியதுதான். ரிப்போர்ட்டை ஒளிக்காமல் முதல் நாளே நகல் கொடுங்கள்.

ஐஇபி என்பது உங்கள் மகன் ஒருவனுக்காக மட்டும் எழுதப்படும் கல்வித் திட்டம். 1975-இல் வந்த மத்திய அரசுச் சட்டம் அதற்கு அடிப்படை. ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தெரபி), உதவியாளர் என்று அதில் எழுதியிருப்பதை எல்லாம் பள்ளி இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். எழுதாததை யாரும் தர வேண்டியதில்லை. அதை எழுதும் கூட்டத்துக்கு டெக்சாஸில் மட்டும் ஆர்ட் என்று பெயர், மற்ற மாநிலத்து நண்பர்களிடம் சொன்னால் விழிப்பார்கள்.

டீச்சரிடம் வாசலில் நின்று கேட்டு வராதீர்கள். மகனைப் பரிசோதிக்க வேண்டும் என்று தேதி போட்டு, பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுங்கள். 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் பரிசோதனை முடிய வேண்டும். அதற்கப்புறம் 30 நாட்களுக்குள் மீட்டிங். "சின்னப் பையன், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே" என்று யாராவது இனிமையாகச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிற கணக்கில் இந்த மாநிலம் பல வருடம் ஓடி, அது சட்டமீறல் என்று 2018-இல் மத்திய கல்வித் துறையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர் இது.

தமிழுக்கு வருகிறேன். என் மகனைப் பரிசோதித்தவர் தண்ணீர் டம்ளர் படத்தைக் காட்டினார். அவன் "தண்ணி" என்றான். அவர் தாளில் பூஜ்யம் போட்டதை நான் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. அன்று இரவு அவன் வீட்டில் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதினேன்: தண்ணி, வேணாம், தோசை, பாட்டி, ஊஞ்சல்... 37 வந்தது. அடுத்த நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசோதனை பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். நீங்கள் இப்போதே அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள். தமிழை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாட்டியோடு பேச அவனுக்கு என்ன மிஞ்சும்? மீட்டிங்குக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், அதுவும் பள்ளியின் செலவு.

மீட்டிங்கில் ஆறேழு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழக்கம். முதல் வருடம் "நன்றி மேம்" என்று சொல்லி, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதில் இலக்கு என்று இருந்த வரி: "தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்துவான்." எப்படி, எவ்வளவு, யார் பார்த்துச் சொல்வது? எதுவும் இல்லை. வருடக் கடைசியில் "முன்னேற்றம் தெரிகிறது" என்றார்கள். எதை வைத்து என்று கேட்க என்னிடம் அளவுகோல் இல்லை. அடுத்த வருடம் நானே மாற்றி எழுதச் சொன்னேன்: "தனக்கு வேண்டியதை, கைபிடித்து இழுக்காமல், இரண்டு சொல்லாவது சேர்த்து, ஐந்து தடவைக்கு நான்கு தடவை கேட்பான்." டிசம்பரில் பள்ளி கேன்டீனில் அவன் "மோர் மில்க்" (more milk, இன்னும் பால்) என்று கேட்டதாக உதவியாளர் தாளில் குறித்து அனுப்பினார். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு இலக்கையும் படித்து, "இது நடந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தெரபி வாரம் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்பதையும் பாருங்கள். தனி வகுப்பு என்றார்கள் என்றால், உதவியோடு பொது வகுப்பில் ஏன் முடியாது என்று கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒத்துவரவில்லையா, "டிஸ்அக்ரீ" என்று குறியுங்கள். 10 பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூடிப் பேச வாய்ப்புத் தர வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்காரரை லீவு போட்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும். பிரின்சிபாலுக்குக் கொடுக்கும் கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.