ஒர்க்கரைக் கூட்டினால் க்வெரி வேகமாகுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் டேட்டா டீமில் வேலை பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எங்கள் பில் டேபிளில் 3 கோடி வரிசைகள். அல்சூர், சிக்பேட், கம்மனஹள்ளி என்று கிளைவாரியாக மாத விற்பனை எடுக்கும் ரிப்போர்ட் ராத்திரியில் சுமாராக ஓடுகிறது, காலை பத்து மணிக்கு இழுத்தடிக்கிறது. சர்வரில் 16 கோர் இருக்கிறது. ஒரு க்வெரிக்கான பேரலல் ஒர்க்கர் (வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்யும் துணை ப்ராசஸ்) வரம்பை 2-லிருந்து 8 ஆக்கலாமா? இரண்டு நேரத்து ப்ளானையும் (க்வெரியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டியது என்ற விவரம்) அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். ப்ளானை எடுக்க வெறும் எக்ஸ்பிளைன் போடாமல் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டு அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வெறும் எக்ஸ்பிளைனில் மதிப்பீடு மட்டும்தான் வரும், நிஜமாக நடந்தது தெரியாது.

ப்ளானை எப்போதும் அடியிலிருந்து, அதிகம் உள்தள்ளியிருக்கும் வரியிலிருந்து படியுங்கள். ராத்திரி ப்ளானின் அடியில் பேரலல் சீக் ஸ்கேன் இருக்கிறது, அதாவது டேபிள் முழுவதையும் பங்கிட்டுப் படிப்பது. மதிப்பீடு 62,500 வரிசை, நிஜத்தில் வந்தது 3,00,000, லூப்ஸ் (அந்த வரி எத்தனை முறை ஓடியது) 3. இந்த 3,00,000 மொத்தக் கணக்கு என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு லூப்புக்கான சராசரி. இரண்டு ஒர்க்கர், கூடவே க்வெரியை நடத்தும் லீடர், ஆக மூன்று பேர். அப்படியானால் மொத்தம் 9 லட்சம். மதிப்பீட்டைப் பெருக்கும்போது மட்டும் 2.4 போட வேண்டும். ஒர்க்கர்களைக் கவனிப்பதில் லீடரின் நேரம் கொஞ்சம் போகும் என்பதால், இரண்டு ஒர்க்கர் இருக்கும்போது அதன் உழைப்பை, ப்ளானை வகுக்கும் ப்ளானர் 0.4 என்றே எடுத்துக்கொள்கிறது. 62,500-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 1.5 லட்சம், அதாவது 3 கோடியில் சரியாக 200-ல் ஒரு பங்கு.

இந்த 200 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். பில் தேதியை, தேதியை எழுத்தாக மாற்றும் டு_சார் ஃபங்ஷனுக்குள் போட்டு மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஃபங்ஷனுக்குள் போன ஃபீல்டுக்குப் புள்ளிவிவரம் கிடைக்காததால், ப்ளானர் 200 வித்தியாசமான மதிப்புகள் இருக்கும் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்கிறது. தேதிமேல் சாதாரண இண்டெக்ஸ் (வேண்டிய வரிசையைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இருந்தாலும் இந்த வடிகட்டலுக்கு உதவாது. அடுத்த வரியில் பாருங்கள்: ஃபில்டரில் கழிந்தவை லூப்புக்கு 97 லட்சம். ஒரு மாதக் கணக்குக்காக மூன்று பேரும் சேர்ந்து டேபிள் முழுவதையும் படித்திருக்கிறார்கள்.

காலை ப்ளானில் ஒர்க்கர்ஸ் ப்ளான்ட் (திட்டமிட்டது) 2, லாஞ்ச்ட் (நிஜமாகக் கிளம்பியது) 0. மொத்த வேலையும் லீடர் தலையில். பேரலல் ஒர்க்கர்கள் சர்வர் முழுவதற்கும் பொது. மேக்ஸ் பேரலல் ஒர்க்கர்ஸ், மேக்ஸ் ஒர்க்கர் ப்ராசஸஸ் என்ற இரண்டு செட்டிங்கும் மாற்றாதவரை 8-தான், கோர் 16 இருந்தாலும் சரி. நாலு பேர் தலைக்கு இரண்டாக எடுத்துவிட்டால் ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் கேட்டபடி 8 ஆக்கினால் முதலில் ஓட்டுபவரே பெரும்பங்கை அள்ளிக்கொள்வார். காலை நெரிசல் இன்னும் மோசமாகும்.

அதனால் முதலில் க்வெரியை மாற்றுங்கள். 2025 மே மாதம் வேண்டுமென்றால், பில் தேதி மே 1 அல்லது அதற்குப் பிறகு, ஜூன் 1-க்கு முன் என்று ஃபீல்டை நேரடியாக ஒப்பிடுங்கள். தேதிமேல் இண்டெக்ஸ் இல்லையென்றால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்குங்கள், பில் போடும் வேலை நிற்காது. பிறகு புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் ஓட்டுங்கள். பில்கள் தேதி வரிசையில்தானே சேர்கின்றன, ஒரு மாதத்துப் பக்கங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். இண்டெக்ஸ் வழியாகப் படிப்பது இங்கே நன்றாகவே எடுபடும். ப்ளானில் ஒர்க்கரே இல்லாமல் போனாலும் கவலைப்படாதீர்கள், படிக்க வேண்டியது குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறமும் வருடாந்திர ரிப்போர்ட் போன்ற பெரிய வேலைக்கு ஒர்க்கர் வேண்டுமென்றால், அந்த செஷனில் மட்டும் செட் கட்டளை கொடுத்து ஒர்க்கர் வரம்பை 4 ஆக்கி ராத்திரியில் ஓட்டுங்கள். ஒர்க் மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைக்கான மெமரி வரம்பு) அளவை அதோடு சேர்த்து ஏற்றும்போது கவனம்: ஒவ்வொரு ஒர்க்கரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் அந்த அளவு வரை தனித்தனியாக எடுத்துக்கொள்ளும்.