அழைப்பிதழில் ஆண்டு இல்லை

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் நுண்கலை நூலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே கலை நூல்களுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான். அண்மையில் வெளிநாட்டுக் கலை நூலகர்களின் சூம் சந்திப்பு ஒன்றில் இருந்தேன். அவர்கள் ஒருவரோடொருவர் பழகுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கொழும்பு, மட்டக்களப்பு நூலகர்களையும் சேர்த்து இங்கேயும் அப்படித் தொடங்கினோம். எல்லாரும் கமராவை மூடிவைக்கிறார்கள். ஒருவர் உரையாற்றுகிறார், நன்றியுரையோடு முடிகிறது. மூன்றாம் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. சூம் நல்லதா, வட்ஸ்அப் குழு போதுமா? தமிழிலா ஆங்கிலத்திலா? சான்றிதழ் கொடுத்தால் வருவார்களா? 1981இல் நூலகத்தைப் பறிகொடுத்த ஊர் என்பதால் இது எங்களிடமிருந்து தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் அலுமாரியில் பழைய ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ்கள் ஒரு கட்டும் பதியாமல் கிடக்கிறது. அதையும் எப்போதாவது பார்க்கவேண்டும்.

த., கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

அழைப்பிதழ்க் கட்டை எப்போதாவது பார்க்கப் போகிறீராம். நல்லாயிருக்கு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில்.

மற்றக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். சூமோ வட்ஸ்அப்போ, எதற்கு உங்கள் பக்கம் சிக்னல் நிற்குமோ அது. தமிழில் நடத்தும், ஆங்கிலம் வேண்டிய இடத்தில் தானாக வரும். சான்றிதழ் வேண்டாம். அதற்காக வருகிறவர் பெயரைப் பதிந்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவார்.

1981ஐயும் கொஞ்சம் விடும், கோபிக்காதேயும். எரிந்த 97,000 நூல்களைச் சொல்லாமல் நாங்கள் எந்த நூலகக் கூட்டத்தையும் தொடங்குவதில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் உம்முடைய அலுமாரிக் கட்டை எரிக்க ஒருவரும் வரப்போவதில்லை. சுவருக்குப் பெயின்ற் அடிக்க அலுமாரியை நகர்த்துகிற அன்று நாங்களே கூட்டி அள்ளிவிடுவோம். கொஞ்சக் காலமாக எனக்கு இதே யோசனைதான்.

எனக்குச் சித்திரம் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஊரில் எந்த மண்டபத்தில் படம் மாட்டினாலும் போவார். அழைப்பிதழையும், படங்களின் பெயர் போட்ட அந்த மெல்லிய விபரக்கொத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார்: ஆர் வந்தது, எந்தப் படம் விலைப்பட்டது, எந்தப் படத்தை உயரம் பிழையாக மாட்டியிருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குத் தப்பி வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் தூக்கிக்கொண்டு போனவற்றில் அந்தக் கட்டும் ஒன்று. பிறகு, மகளிடம் கனடா போக முன்னர், அதை ஒரு நூலகத்துக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் மாஸ்டருடைய சொந்தக் கண்காட்சி விபரக்கொத்தை எடுத்துப் பக்கத்தை எண்ணினார். 49 பக்கம் இல்லாவிட்டால் அது நூல் இல்லையாம், ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணும் இல்லையாம், பதிவேட்டில் ஏற்ற முடியாதாம்.

அந்த 49 பக்கக் கணக்கு, நாடுகள் தங்கள் நூல் வெளியீட்டுப் புள்ளிவிபரத்தை ஒரே மாதிரி எடுப்பதற்காக யுனெஸ்கோ 1964இல் வைத்தது. 5 முதல் 48 பக்கம் வரையானதைச் சிறுநூல் என்று அதே யுனெஸ்கோ எண்ணச் சொன்னது. எறியச் சொல்லவில்லை. மாஸ்டர் அங்கே வாய் திறக்கவில்லை. வெளியில் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "அப்ப பிள்ளை, என்ரை கண்காட்சியும் நடக்கேல்லையோ?" என்றார். கட்டு அவருடைய வீட்டிலேயே கிடந்தது. வாடகைக்கு வந்தவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவு மலரை எங்கள் ஆட்கள் எறியமாட்டார்கள். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய நூலகத்திலும் நினைவு மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை. ஓவியர் செத்த பிறகு அவருக்கும் கல்வெட்டு வரும். உயிரோடு இருந்து படம் மாட்டியதற்குத்தான் சாட்சி இல்லை.

நீர் சூமில் பார்த்தவர்களுடைய பழக்கம் சூமில் வந்ததல்ல. பிரித்தானியாவில் ஆர்லிஸ் என்ற கலை நூலகர் சங்கம் 1969இல் தொடங்கியது, வட அமெரிக்காவில் 1972இல். உம்மைப்போல ஓரிடத்துக்கு ஒருவராக இருந்தவர்கள் அவர்களிலும் நிறைய. அந்த நாடுகளின் கலை நூலகங்களில் ஓவியர் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், உள்ளே அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு, விலைப்பட்டியல். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியக நூலகத்தில் அப்படித்தான். நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கிற டூயி முறையின் 759.95493க்குள் இலங்கை ஓவியம் முழுவதையும் அடக்கலாம், ஆனால் ஒற்றைத் தாளுக்கு எண் ஒட்டி அலுமாரியில் நிமிர்த்தி வைக்க முடியாதே.

சரி, இனிக் கட்டைத் திறவும். எங்கள் அழைப்பிதழ்களில் கிழமை இருக்கும், திகதி இருக்கும், மாலை 4 மணி இருக்கும், பிரதம விருந்தினருடைய பட்டங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. வருகிற கிழமை நடக்கிற விசயத்துக்கு ஆண்டு எதற்கு என்று விட்டிருப்பார்கள். ஓகஸ்ட் 14 சனிக்கிழமை என்றால் எது? 1982ஆ, 1993ஆ, 1999ஆ, 2004ஆ? கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்திருந்தால் 1993 என்று துணியலாம், யாழ்ப்பாணத்துக்குப் பேப்பர் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகையே அந்தத் தாளில் வந்திருக்கிறது. கைத்தொலைபேசி இலக்கம் இருந்தால் 2004. அச்சகத்தின் பெயரைப் பாரும், மண்டபம் அப்போது நின்றதா இடிந்து கிடந்ததா என்று விசாரியும். அதற்கு மேல் ஆள்தான் சொல்லவேண்டும். அந்த ஆள் கனடாவில், ஸ்காபரோவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் கூட்டம் இதற்குத்தான். ஒரு தடவைக்கு ஓர் அழைப்பிதழ் போதும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கமராவுக்கு முன்னால் பிடித்து, இது எந்த ஆண்டு என்று கேளும். "அண்டைக்கு மழையெல்லோ" என்று ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் தன்னிடம் உள்ளதைக் காட்டக் கமராவைத் திறப்பார். இரண்டு ஆண்டு சொன்னால் இரண்டையும் எழுதும், சொன்னவர் பெயரோடு. தமிழில் மாற்கு, ஆங்கிலத்தில் மார்க் என்று அச்சான ஓவியர் ஒருவர்தான் என்று ஒரே கோப்புக்குள் கொண்டுவாரும். மட்டக்களப்பு நூலகர் தன்னுடைய கட்டை அடுத்த முறைக்குத் தேடிப் பார்ப்பார். "எண்ணிம யுகத்தில் நூலகரின் வகிபாகம்" என்று ஒருவர் ஒரு மணித்தியாலம் தாள் பார்த்து வாசிக்க, அதைக் கேட்க மூன்றாம் தரமும் ஏன் வரவேண்டும்? நானும் வரமாட்டேன்.

ஞாயிறு இரவு 7 மணிக்கு வையும். லண்டனில் அப்போது பகல் இரண்டரை, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் முந்தும். நூலகர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு இருக்காதேயும், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்களை முதலில் பிடியும். அவர்களுக்கு லிங்க் அனுப்பினால் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போன் எடுத்து, பேரப்பிள்ளையிடம் நேரத்தைச் சொல்லிவையும்.

அன்புடன்,
அக்கா