வாசகர் கேள்வி பதில்: வாழைக்கு ஊற்றிய உப்பு

கேள்வி: குளித்த தண்ணீர், உடுப்புத் தோய்த்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு வருடமாக வாழைக்கும் தென்னைக்கும் விடுகிறேன். தென்னைக்குக் குறையில்லை. வாழைக்கு மட்டும் இலையோரம் கருகுது, பாத்தியில் வெள்ளையாகப் பூத்திருக்கு. மண்ணுக்கே திரும்பட்டும் என்றுதானே செய்தேன்?
– வாசகி, உப்புவெளி

பதில்: நல்ல வேலைதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் திரும்பக் கூடாத உப்பும் ஒரே வாளியில் வருகின்றன.

கந்தளாய் வயலில் போட்ட பசளையின் நைதரசனும் பொசுபரசும் அரிசி மூடையோடு திருகோணமலைக்கு வந்து, நாம் சோறாகச் சாப்பிட்டு, கடைசியில் மலசலகூடக் குழிக்குள் போகின்றன. வளர்ந்த ஒருவரின் சிறுநீரில் வருடத்துக்கு ஏறக்குறைய 4 கிலோ நைதரசன் இருக்கும், அதாவது எட்டரை கிலோ யூரியாவுக்குச் சமம். 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு யூரியா மூடைக்கு எவ்வளவு அலைந்தோம்! அந்த நேரமும் இந்த நைதரசனெல்லாம் குழிக்குள் இறங்கி, தண்ணீரில் கரையும் நைத்திரேற்றாக மாறி, மணல் வழியே கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு இது பெரிய மனக்குறை.

உப்பின் கதை வேறு. பயிர் அதைச் சொற்பமாகத்தான் எடுக்கும், வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு அங்கேயே தங்கிவிடும். உங்கள் கிணற்றில் லீற்றருக்கு 1 கிராம் உப்பு என்று வையுங்கள், நாளைக்கு 20 லீற்றர் விட்டால் நூறு நாள் கோடையில் 2 கிலோ உப்பு வாழையடியில் சேர்ந்துவிடும். சவர்க்காரத் தூளில் உள்ள சோடியம் அதற்கு மேலே. தென்னை தாங்கும், வாழை தாங்காது.

சரி, இனி உடுப்புத் தோய்த்த தண்ணீரைத் தென்னைக்கு மட்டும் விடுங்கள். அரிசி கழுவியதும் மீன் கழுவியதும் வாழைக்கு. அடியில் பொச்சுமட்டை பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது, உப்பும் மேலே ஏறாது. கிணற்றை மோட்டரால் ஒரேயடியாக இறைக்க வேண்டாம், கரையோரத்தில் நல்ல தண்ணீர் உவர்த்தண்ணீருக்கு மேல் மிதந்துதான் நிற்கிறது, மேலே குறைந்தால் கீழே இருப்பது ஏறி வரும்.

சேர்ந்த உப்பைக் கழுவ மாரி மழையை விட்டால் வழியில்லை. ஐப்பசி மழைக்கு முதல் பாத்தியைக் கொத்தி, சுற்றி வரம்பு கட்டிவிடுங்கள், மழைத்தண்ணீர் வழிந்து ஓடாமல் நின்று கீழே இறங்கட்டும்.