பெட்டி இருக்கிறது, இழுக்க டிராக்டர் வாங்கலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, அரை ஏக்கர் வாழை. அப்பா 1990-களில் வாங்கிய இரண்டு சக்கர டிராக்டர் பெட்டி (டிரெய்லர்; 10 அடிக்கு 6 அடி, பக்கத்தகடு 2 அடி) பத்து வருஷமாக வேப்பமரத்தடியில் சும்மா நிற்கிறது. டிராக்டரை அப்பா இருக்கும்போதே விற்றாயிற்று. 90 ஆயிரம் கொடுத்தால் பெட்டியைப் புதுசாக்கித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். 45 ஹெச்.பி. பழைய டிராக்டர் ஒன்று 4 லட்சத்துக்கு வருகிறது. எங்களுக்கும் ஆகும், வாடகைக்கும் விடலாம் என்று எண்ணம். வங்கியில் வைப்பு 2.5 லட்சம், வீட்டில் நகை 12 பவுன் இருக்கிறது. மீதிக்கு ஃபைனான்ஸ் கேட்கலாமா? டிராக்டருக்குப் பதில் பிக்கப் வண்டியில் கட்டி இழுக்க முடியுமா? பெட்டியை ஆள் படுத்துத் தங்கும் வண்டியாக்கிக் குற்றால சீசனுக்கு விடலாம் என்கிறான் அண்ணன். அதையும் சொல்லுங்கள்.

பதில்: 90 ஆயிரம் பெட்டிக்காக 4 லட்சம் டிராக்டரைத் தேடுகிறீர்கள். வால்தான் மாட்டை இழுக்கிறது. முதலில் டிராக்டர் வருஷத்துக்கு என்ன தின்னும் என்று பார்ப்போம்.

டிராக்டர் 4 லட்சம், பெட்டி 90 ஆயிரம், பெயர் மாற்றம், காப்பீடு வகையில் 30 ஆயிரம், வாங்கியதும் வரும் முதல் ரிப்பேருக்கு 40 ஆயிரம். மொத்தம் 5.6 லட்சம். வைப்பு முழுவதையும் போட்டாலும் 3.1 லட்சம் கடன்.

இனி வருஷச் செலவு. ஐந்து வருஷம் கழித்து டிராக்டர் 2.25 லட்சத்துக்குப் போகும் என்றால் தேய்மானம் 35 ஆயிரம். பெட்டிக்கு ஆறு வருஷக் கணக்கில் 15 ஆயிரம். கடனுக்கு 9 சதவீத வட்டி என்று நல்லபடியாகவே வைத்தாலும் முதல் வருஷம் 28 ஆயிரம். வைப்பை எடுப்பதால் கைவிட்டுப் போகும் வட்டி, 7 சதவீதத்தில் 17,500. காப்பீடும் காகிதமும் 12 ஆயிரம். ஆயில், டயர், ரிப்பேர் 30 ஆயிரம். கூட்டினால் 1,37,500 ரூபாய். வண்டி ஒரு நாள்கூட ஓடாவிட்டாலும் இதில் பெரும்பகுதி போய்க்கொண்டேதான் இருக்கும்.

பெட்டியை மட்டும் நம்பினால் என்ன வரும்? ஒரு நடைக்கு 800 ரூபாய் வாடகை, டீசல் 4 லிட்டர் (லிட்டர் 93 என்று) 372, டிரைவருக்கு 150. கையில் நிற்பது 278. செலவைக் கட்ட வருஷத்துக்கு 495 நடை வேண்டும். ஓர் ஊரில், ஒரு பெட்டிக்கு அத்தனை நடை கிடைக்குமா? உங்கள் ஊர் வாடகை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். விடை பெரிதாக மாறாது.

டிராக்டர் சம்பாதிப்பது தொழி உழவில்தான் (நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு). அதற்கு ரோட்டவேட்டர் (டிராக்டரின் பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) வேண்டும்; அது உங்கள் கணக்கிலேயே இல்லை. அதற்கு இன்னொரு லட்சம் வையுங்கள், வருஷச் செலவு 20 ஆயிரம் கூடும். மணிக்கு 1,100 வாடகையில் டீசல் 6 லிட்டரும் டிரைவர் கூலியும் போக 392 நிற்கும். 1,57,500-ஐ ஈட்ட சுமார் 402 மணி நேரம் உழ வேண்டும். கார் நெல் பருவத்துக்கு முப்பது நாள், பிசானப் பருவத்துக்கு முப்பது நாள், தினம் ஆறு மணி என்று ஒரு நாள் விடாமல் ஓடினாலும் 360 மணிதான். மீதிக்கு அறுபது நடை அடிக்க வேண்டும். முடியாதது என்று சொல்லவில்லை. ஆனால் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததும் எல்லா வயலும் ஒரே நேரத்தில் டிராக்டர் கேட்கும். வாய்க்காலில் தண்ணீர் தள்ளிப்போனால் அத்தனை டிராக்டரும் ஒன்றாகப் படுத்துவிடும். போதாததற்கு வேளாண் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக வாடகைக்கு இயந்திரம் தருகிறது. நினைத்தபடி வாடகையை ஏற்ற அதுவும் விடாது.

ஆகவே இந்த வருஷம் டிராக்டர் வேண்டாம். பெட்டியை மட்டும் சரி செய்யுங்கள், அதுவும் 90 ஆயிரத்துக்கு அல்ல.

வெல்டிங் மெஷினைக் கிட்டே கொண்டுபோகும் முன் பெட்டியின் பதிவுச் சான்றைத் தேடி எடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. டிராக்டரை விற்றபோது அதன் காகிதத்தோடு இதுவும் போயிருக்கலாம். பதிவு 15 வருஷம்தான் செல்லும், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும், ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். உரிமையாளர் இறந்துவிட்டதால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. அண்ணனின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவருக்கும் அதில் பங்கு உண்டு. அடுத்து, சேசிஸ் எண் (அடிச்சட்டத்தில் குத்தும் அடையாள எண்) எங்கே குத்தியிருக்கிறது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கண்டுபிடித்து, தாள் வைத்துப் பென்சிலால் தடம் எடுத்து வையுங்கள். துரு ஏறிய சட்டத்தை வெட்டி மாற்றும்போது எண்ணும் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போனால், பிறகு அது பதிவு செய்ய முடியாத பெட்டி. கிரைண்டர் பிடிப்பவரிடம் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

பட்டறைக்காரர் சொல்லும் தொகையைச் சரிபார்க்க எடைக் கணக்கு போதும். தளம் 60 சதுர அடி, அதாவது 5.6 சதுர மீட்டர். 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, ஆக சுமார் 131 கிலோ. பக்கங்கள் 64 சதுர அடி, 2 மி.மீ. தகட்டில் 93 கிலோ. மொத்தம் 224 கிலோ. கிலோ 70 ரூபாய் என்றால் 15,700. குறுக்குச் சட்டம், கூலிக்கு 10 ஆயிரம். டேப்பர் பேரிங் சக்கர ஹப்புக்கு இரண்டாக நான்கு, சீல் இரண்டு, கிரீஸ் எல்லாம் 5 ஆயிரம். டயர் இரண்டு 22 ஆயிரம். விளக்கு, ஒயர், ரெட் ஆக்சைடு, பெயிண்டுக்கு 4 ஆயிரம். 60 ஆயிரத்துக்குள் முடிகிறது. இதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஆக்சில் வளைந்திருப்பதாகச் சொன்னால் இரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றி, ரிம் ஒரே இடத்தில் சுற்றுகிறதா, டயர் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். செலவு புதுப் பெட்டி விலையில் பாதியைத் தாண்டினால் இரும்பாக விற்றுவிடுவதே மேல்.

தளம் கெடுவதற்குக் காரணம் மழை மட்டும் அல்ல. வேப்பிலைச் சருகும் பழைய எருவும் மூலையில் தங்கி ஈரம் பிடித்துவைக்கும், எருவின் உப்பு இரும்பை அரிக்கும். புதுத் தகட்டில் நான்கு மூலையிலும் 12 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் பளபளப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பத்து வருஷம் நின்ற டயரில் பட்டை இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருக்கும். அதில் தயாரிப்பு எண் நாலு இலக்கத்தில் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரே இடத்தில் நின்ற பேரிங்கில் உருளை பதிந்த தடம் விழுந்திருக்கும், கிரீஸ் மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். முன்னால் கொக்கி வளையம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வெல்டு வைத்து நிரப்ப வேண்டாம், வளையத்தையே மாற்றுங்கள். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் கட்டாயம். இரவில் விளக்கில்லாமல் நிற்கும் பெட்டியில் இருசக்கர வண்டி வந்து மோதுவதுதான் நம் சாலைகளில் வழக்கமான விபத்து.

பிக்கப்பில் கட்டி இழுப்பதை மறந்துவிடுங்கள். உங்கள் பெட்டியின் கொள்ளளவு 120 கன அடி. நெல் நிரப்பினால் சுமார் 2 டன், அதே பெட்டியில் ஈர மணல் நிரப்பினால் 6 டன். பெட்டிக்குச் சொந்தமாக பிரேக் இல்லை, முழுப் பாரத்தையும் முன்வண்டியின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். பிக்கப்புக்கு அந்த வேலைக்கான அமைப்பும் இல்லை, பதிவும் இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான். டிராக்டரிலும் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் ஏற்றுங்கள். பின்னால் குவித்தால் கொக்கி மேலே தூக்கி டிராக்டரின் பின்சக்கரம் பிடி இழக்கும். முன்னால் அளவு மீறினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி ஸ்டியரிங் வேலை செய்யாது.

பெட்டி தயாரானதும் டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று பெட்டியை மட்டும் வாடகைக்கு விடலாம். அவருடைய டிராக்டர் காப்பீட்டில் உங்கள் பெட்டியின் எண்ணும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். விவசாய உபயோகப் பதிவில் கூலிக்குச் செங்கல் ஏற்றி நடை அடித்தால் பாலிசி நிற்காது. நடவுக்குப் போகும் ஆட்களைப் பெட்டியில் ஏற்றவே கூடாது. யாராவது விழுந்தால் இழப்பீடு உங்கள் நிலத்தில் வந்து நிற்கும். மணல், சரள் எதுவானாலும் நடைச்சீட்டு (ஏற்றிச் செல்ல அரசு தரும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் ஏற்றினால் டிராக்டரோடு பெட்டியும் போகும்.

அண்ணன் யோசனை: சரக்குப் பெட்டியாகப் பதிவானதை ஆள் தங்கும் வண்டியாக்க அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. சாரல் சீசனும் மூன்று மாதம்தான். அதில் ஒரு பைசாகூடப் போட வேண்டாம்.

ஒரு நோட்டுப் போட்டு, கார், பிசானம் இரண்டு பூவிலும் (சாகுபடியிலும்) உங்கள் வயலுக்கு எத்தனை மணி, எத்தனை நடை வாடகைக்குப் பிடித்தீர்கள், எத்தனை பேர் உங்களிடம் கேட்டார்கள் என்று எழுதி வாருங்கள். வெளி உழவு மட்டும் 350 மணிக்கு உறுதி இருந்தால் பிசான அறுவடை முடிந்த பிறகு டிராக்டர் தேடுங்கள். ஜூன் தண்ணீருக்கு முன்னால் எல்லாரும் தேடும்போது விலை இறங்காது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. 8 லட்சம் வண்டி 7.5 லட்சம் ஆயிற்று. பழைய வண்டிக்காரர் அதற்கு முந்தைய விலையைச் சொன்னால் இதைச் சொல்லிக் குறையுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லிஃப்டில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திப் பத்து நிமிஷம் பாருங்கள், தானே இறங்கினால் ஹைட்ராலிக் வேலை பாக்கி. கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35-உம் (பதிவுச் சான்றில் உள்ள கடன் குறிப்பை நீக்கும் படிவம்) நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

கடன் பற்றி. ஃபைனான்ஸில் "பத்து சதவீதம்தான்" என்பார்கள். 3 லட்சத்துக்கு நாலு வருஷம் பிளாட் வட்டி (பாக்கி குறைந்தாலும் முழு முதலுக்கே கடைசிவரை போடும் வட்டி) என்றால் வட்டி மட்டும் 1.2 லட்சம், மாதம் 8,750. முதலைக் கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது பதினேழரை சதவீதம். மாதத் தவணை விவசாயிக்குப் பொருந்தவும் பொருந்தாது. சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர் ஆவணங்களோடு வங்கியில் இயந்திரக் கடன் கேட்டு, கார், பிசானம் அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கொரு தவணையாக வாங்குங்கள். நகைக்கடனில் வட்டி குறைவு என்றாலும் பொதுவாக ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டியது; ஐந்து வருஷம் உழைத்துத் தரும் வண்டிக்கு அதை எடுத்தால் வருஷா வருஷம் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பீர்கள். வாழை காற்றில் சாய்ந்த வருஷத்தில் மாற்றி வைக்கவும் பணம் இருக்காது.

இப்போதைக்கு வைப்பிலிருந்து 60 ஆயிரம் பெட்டிக்கு, 10 ஆயிரம் காகிதத்துக்கு எடுங்கள். 1.8 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும், நகை பீரோவில் இருக்கட்டும்.