'தானாக அழியும் என்று நம்பியதால்தானா?'

பட்டிமன்றத்துக்காக நீங்கள் எழுதியிருக்கும் வாதம், 'அடிமை முறை தானாக அழிந்துவிடும் என்று நம்பியே 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்கள் அதைத் தொடாமல் விட்டார்கள்' என்பது. அது பாதி உண்மைதான். கனெக்டிகட் மாநிலப் பிரதிநிதி எல்ஸ்வொர்த் அப்படிப் பேசினார். ஆனால் அதை மட்டும் நம்பி மேடையேறாதீர்கள், எதிரணி எளிதில் மடக்கிவிடும்.

உண்மையில் நடந்தது பேரம். அடிமை இறக்குமதியைத் தடுத்தால் ஒன்றியத்தில் சேரமாட்டோம் என்று தென் மாநிலங்களான தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் மிரட்டின. வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கோ கப்பல் வணிகச் சட்டங்கள் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற வேண்டும். முடிவில், 1808 வரை இறக்குமதிக்குத் தடையில்லை என்று வடக்கு விட்டுக்கொடுத்தது. கப்பல் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. மக்கள்தொகையில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தெற்கிற்குப் பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடங்களும் கிடைத்தன. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் விதி வேறு! இதற்குப் பெயர் தவிர்ப்பா?

வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் அடிமை வணிகத்தைக் கடுமையாகச் சாடினார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். இறக்குமதி நின்றால் வர்ஜீனியாவின் அடிமைகளுக்கு விலை ஏறும் என்று தென் கரோலினாவின் பிங்க்னி குத்திக்காட்டினார். இதை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.